இரண்டு கையெழுத்து

மழை ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்தபோது
இங்வில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.
வண்டியில் கடைசியாக ஏறியது
பையனின் பனிச்சறுக்கு வண்டி.
பேர்கனுக்குள்ளேயே வேறு வீடு,
மலையின் மறுபக்கம், கொஞ்சம் வெயில் படும் தெரு.

கீழ்த்தளத்தில் இப்போது நானும்
ஒரு கைவிளக்கும்.
அவளுடைய அலமாரி நின்ற இடத்தில்
சுவர் பூத்திருக்கிறது,
அலமாரியின் உயரத்துக்கு,
அலமாரியின் அகலத்துக்கு,
வண்டியேற மறுத்துவிட்ட நிழல் மாதிரி.
ஒரு மூலையில் வினிகர் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.
தேய்த்த இடம் வட்டமாய் வெளுத்து
வட்டத்துக்குள் மறுபடியும் பூத்து.
முகர்ந்தேன்:
நனைந்த செய்தித்தாள், முளைவிட்ட உருளைக்கிழங்கு.

முதலில் வந்தது கோபம்தான்.
முன்பணம் முப்பத்துமூவாயிரம் குரோனர்
வங்கியில் கிடக்கிறது,
அவள் கையெழுத்தில்லாமல் நானும்
என் கையெழுத்தில்லாமல் அவளும்
தொட முடியாதபடி.
சுவருக்கு மட்டும் ஒன்பதாயிரத்து நானூறு
என்றார் பெயிண்டர் தூரால்ஃப்.
"அவளிடமே பிடித்துக்கொள்ளுங்கள்,
எல்லாரும் அப்படித்தான்."
அளவு நாடா சர்ரென்று உள்ளே போனது.

குளியலறைக் காற்றுத்துளையில்
ஒரு காலுறை திணித்திருந்தது.
சின்னக் காலுறை, நீல நரி போட்டது.
உருவியதும்
கடற்காற்று நேராக என் முழங்காலில் ஊதியது.
பையன் நின்று குளிக்கும் உயரம்.

ஆனாலும் அடைத்தது அடைத்ததுதான்.
கதவின் மேல் கொடிக்கயிறு கட்டிய தடம் வேறு.
குளிர்காலம் முழுக்கத் துணி உள்ளேதான் உலர்ந்திருக்கிறது.
எழுதிக்கொண்டேன்.

பிறகு கைப்பேசியில் பின்னோக்கிப் போனேன்.
நவம்பர் பதினொன்று:
"குன்வோர், அலமாரிப் பக்கச் சுவர்
தொட்டால் ஈரமாக இருக்கிறது. வந்து பார்க்கிறீர்களா?"
நான்: "ஜன்னலைத் திறந்து வையுங்கள்."
கூடவே சிரிக்கும் ஒரு சூரியன்.

சுற்றிக்கொண்டு போய் வெளியிலிருந்து பார்த்தேன்.
கூரைக்குழாயின் மூட்டு விலகியிருக்கிறது.
விழும் தண்ணீர் சரியாக அந்தச் சுவரில்.
எத்தனை வருடமாக என்பதைப்
பாசியின் தடிமன் சொன்னது.
என் படுக்கையறை ஜன்னலில் சாய்ந்தால்
கைக்கு எட்டும் மூட்டு.

ஈரமில்லாதவள் என்று என்னை
யாரும் சொல்லிவிட முடியாது.
கருவியை வைத்தேன், இருபத்தாறு காட்டியது.

மேசைக்கு வந்தபோது காபி ஆறியிருந்தது.
ஒன்பதாயிரத்து நானூறு.
அந்தப் பெயிண்டுக்கு எட்டு வயது.
பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால்
எட்டை ஏற்கெனவே வாடகையாக வாங்கித் தின்றாயிற்று.
பழைய சுவரின் விலைக்கு
புதுச் சுவர் கேட்க முடியாது.
மிச்சம் ஆயிரத்து எண்ணூற்று எண்பது.
அதில் பாதி காலுறைக்கு, பாதி கூரைக்குழாய்க்கு.

பாதியா?
பேனா அங்கே நின்றுவிட்டது.
காலுறைக்கு மூன்றில் ஒன்று என்று திருத்தினேன்.
இன்னொரு வாய் காபிக்குப் பிறகு
நான்கில் ஒன்று.

நானூற்று எழுபது குரோனர்.
தூரால்ஃப் கேட்டால் சிரிப்பார்.
விட்டுவிடலாமா என்றும் வந்தது.
விட்டால் நல்ல வீட்டுக்காரி ஆகிவிடுவேன்,
அது வேறொரு பேராசை.
கேட்டேன்.
கணக்கை வரிவரியாக எழுதி,
காலுறையின் படம், சுவரின் படம்,
கூரைக்குழாயின் படத்தைப் பெரிதாக்கி.

இரவு பதில் வந்தது.
"சரி. ஆனால் ஜன்னல் விளிம்பில்
ஐவின் கத்தியால் கீறியதை விட்டுவிட்டீர்கள்."
விளக்கோடு மறுபடி கீழே இறங்கினேன்.
ஒரு படகு. பாய்மரம் கொஞ்சம் கோணல்.
"தேய்மானம்" என்று பதில் போட்டேன்.

படிவத்தில் என் கையெழுத்து ஆகிவிட்டது.
பக்கத்துக் கட்டம் காலையில் நிரம்பும்.
படுத்தேன், மழை பிடித்துக்கொண்டது.
ஜன்னலுக்கு வெளியே மூட்டிலிருந்து
சொட்டு, சொட்டு, சொட்டு.
இத்தனை வருடம் நான் தூங்கிப்போனது
இந்தச் சத்தத்தில்தான்.